கடைவாய்ப் பல்லின் வேர்

பல்வலி தானாக நின்றுபோனால் யாரும் டாக்டரைத் தேடிப் போவதில்லை. நானும் போகவில்லை. "பல்லாலயா இவ்வளவும்?" என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் தாடைக்கு அடியில் இருக்கும் தழும்பைக் காட்டிச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்ததற்கு மறு வருடம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் நான் கண்டக்டர். ஓரிடத்தில் உட்கார முடியாத ஆள். அந்த வேலை எனக்குப் பொருந்திப்போனது. ஓடுகிற வண்டியின் ஏணியைப் பிடித்து மேலே ஏறி மூட்டைகளைச் சரி பார்ப்பேன், இறங்குவேன், ஊர்ப் பெயர்களைக் கத்துவேன், ஏறுகிறவர்களோடு சண்டை போடுவேன், இறங்குகிறவர்களோடு சமாதானம் ஆவேன். வாய் ஓயாது. வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி பச்சையம்மாள் அதிகம் பேசமாட்டாள். நான் பேசி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். அவள் எங்கே பேசுவாள்?

பல் வலது பக்கம், கீழ்வரிசையில், கடைசிக்கு முந்தியது. அதில் ஒரு குழி விழுந்து நெடுநாளாயிற்று. பாக்குத்தூள் அந்தக் குழிக்குள் போய் அடைந்துகொள்ளும். துடைப்பத்தில் ஒரு ஈர்க்கை ஒடித்துக் குத்தி எடுப்பேன். மாசி மாதத்தில் வலி பிடித்துக்கொண்டது. காதுக்குள் சூடான கம்பியை நுழைத்து இழுப்பதுபோல இருக்கும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து வைத்தேன். பெருங்காயத்தைப் பொரித்து வைத்தேன். புகையிலையை அடக்கிக்கொண்டேன். எதற்கும் அடங்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வலி இல்லை. நாக்கால் தட்டிப் பார்த்தேன். செத்த கட்டைபோல இருந்தது பல்.

"விட்டுருச்சு புள்ள" என்றேன் பச்சையம்மாளிடம். அன்றைக்கு இரண்டு வாய் வெற்றிலை கூடுதலாகப் போட்டேன்.

பங்குனி பிறந்த சில நாட்களில் தாடைக்குக் கீழே வீங்கியது. தொட்டால் சூடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "பொன்னுக்கு வீங்கி. கழுத்துல பொன்னைப் போட்டா வத்திடும்" என்றார்கள். பச்சையம்மாள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். "மாப்பிள்ளை கோலத்துல வந்திருக்காரு கண்டக்டரு" என்று வண்டியில் ஒருவர் கேலி செய்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் பாதிதான் திறந்தது.

மறுநாள் விடியும்போது வீக்கம் இரண்டு பக்கமும் வந்துவிட்டது. தாடைக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு பலகையை வைத்துத் தைத்த மாதிரி கெட்டியாக இருந்தது. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு அண்ணத்தை முட்டியது. எச்சில் கடைவாயில் வழிந்தது. ஆனாலும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நின்றால் கொஞ்சம் தேவலை, வேறென்ன செய்வது?

டிரைவர் காதர் பாய் என்னைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"மாணிக்கம், எச்சியை முழுங்கு பாப்பம்."

முயன்றேன். முடியவில்லை.

"யா அல்லாஹ்! முழுங்க முடியாதவன் டிக்கெட் கொடுக்க வந்துட்டியா? இது பொன்னுக்கு வீங்கி இல்லப்பா. போ, வண்டியில ஏறு. கண்டக்டரா இல்ல, பாசஞ்சரா ஏறு. வூட்டுக்கு ஆள் அனுப்புறேன்."

பச்சையம்மாள் ஓடி வந்தாள். சிறுவாச்சூரிலிருந்து என் அண்ணன் முந்தின நாள் இரவே வந்து தங்கியிருந்தார். அவரும் கூட வந்தார். அண்ணன் எனக்கு அப்பா மாதிரி. அப்பா இறந்தபின் ஏரைப் பிடித்து என்னை வளர்த்தவர். வண்டியில் முன் இருக்கையில் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள்.

பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். எங்கள் முதலாளியிடம் கடைசியாக மிஞ்சியிருந்த கரிவண்டி அது. வண்டிக்குப் பின்னால் பெரிய தகர உருளை. அதில் அடுப்புக்கரியை எரித்து, வரும் வாயுவில் வண்டி ஓடும். மேடு வந்தால் திணறும். நின்றால் கரியைக் கிளறிவிட்டு, தீயை ஊதும் காற்றாடியைக் கையால் சுற்றி, மறுபடி கிளப்பவேண்டும். அந்தச் சாலையில் ஒவ்வொரு மேடும் எனக்குத் தெரியும். எத்தனையோ முறை "இறங்கித் தள்ளுங்க சாமி" என்று அதே மேடுகளில் ஜனங்களை விரட்டியிருக்கிறேன். அன்றைக்கு வண்டியும் திணறியது, நானும் திணறினேன். ஒரு மேட்டில் அது நின்றேவிட்டது. பின்னால் கரி கிளறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எனக்கு மூச்சு ஒரு வைக்கோல் குழாய் அளவுக்குத்தான் போகிறது. காலை உதைத்துக்கொண்டேன். கம்பியைப் பிடித்து எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பச்சையம்மாள் என் முதுகில் கையை வைத்திருந்தாள். கையை எடுக்கவே இல்லை. பிரயாணிகள் யாரும் சொல்லாமலே இறங்கி வண்டியைத் தள்ளினார்கள்.

அரியலூர் ஆஸ்பத்திரி சின்னதுதான். இரண்டு வார்டு, ஒரு ஆபரேஷன் அறை, முன்னால் ஒரு வேப்பமரம். டாக்டர் பர்மாப் போர்முனையில் ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒல்லியான மனிதர். நடக்கவே மாட்டார், எப்போதும் பாதி ஓட்டம்தான். என் கழுத்தை இரண்டு விரலால் அழுத்தினார். வாய்க்குள் ஒரு கரண்டிக் காம்பை நுழைத்து நாக்கைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டேன்.

"இவரைப் படுக்க வைக்காதீங்க. உட்கார்ந்தே இருக்கட்டும்" என்றார் நர்ஸம்மாவிடம். பிறகு அண்ணனைப் பார்த்து, "பல்லு வலி இருந்துச்சா? நடுவுல தானா நின்னுச்சா?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அதான். பல்லுக்கு நடுவுல நரம்பு ஓடுது. ஓட்டை வழியா கிருமி உள்ள போய் அந்த நரம்பைக் கொன்னுடும். நரம்பு செத்ததும் வலி நின்னுடும். கிருமி சாகலை. அது வேர் வழியா இறங்கி, வேரடியில சீழ் கட்டும். கடைவாய்ப் பல்லோட வேர் நீளம். சீழ் தாடை எலும்பைத் துளைச்சுக்கிட்டு நாக்குக்கு அடியில இறங்கியிருக்கு. அங்கேயிருந்து கழுத்துக்கு. வீக்கம் இன்னும் ஏறினா மூச்சுக்குழாய் அடைச்சுடும்."

"மருந்து கொடுங்க சாமி."

"மருந்து அப்புறம். இப்ப தாடைக்கு அடியில கிழிக்கணும். உடனே. இவர் மயக்க மருந்து தாங்க மாட்டார். மயங்கினா மூச்சு நின்னுடும். மரத்துப்போற ஊசி போட்டு, முழிப்பா வச்சுத்தான் செய்யணும்."

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கழுத்துல கத்தி வைக்கிறதா? வேணாங்க. எங்க ஊர்ல வைத்தியர் இருக்காரு. பச்சிலைப் பத்துப் போட்டா உடையும். உடைஞ்சா எல்லாம் போயிடும். காளி கோயில்ல திருநீறு வாங்கிப் போட்டுக்குறோம். நான் கூட்டிட்டுப் போறேன். ஏலே மாணிக்கம், எழுந்திரு."

அவர் பயந்துபோயிருந்தார். நான் சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையில் நின்றது. உறுமல் போல ஒரு சத்தம்தான் வந்தது.

பச்சையம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அண்ணனுக்கு எதிரே அவள் நேராக நின்று பேசியதே கிடையாது. அவர் வந்தால் உள்ளே போய்விடுவாள். அன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா, திரும்பிப் போற வழியில அந்த மேடு இருக்கு. வண்டி அங்க நின்னுடும். இவங்க மூச்சும் அங்கேயே நின்னுடும். நான் வரும்போது பாத்துக்கிட்டே வந்தேன். திரும்பிப் போறதா இருந்தா நீங்க தனியாப் போங்க. டாக்டரய்யா, நீங்க கிழிங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களை நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அண்ணன் அவளையே பார்த்தார். "நான் சொல்றதுக்கு மேல..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

நாற்காலியில் உட்கார வைத்தே கிழித்தார்கள். பக்கத்துத் தட்டில் வளைந்த ஒரு வெள்ளிக் குழாய் இருந்தது. மூச்சு அடைத்துப்போனால் குரல்வளையில் துளை போட்டு அதைச் செருகவேண்டும் என்று டாக்டர் நர்ஸம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப்பின் நான் கத்தியைப் பார்க்கவில்லை, அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துப்போகும் ஊசி மேல்தோலை மரக்கவைத்தது; உள்ளே மரக்கவில்லை. தோலுக்குள் ஒரு விரல் நுழைந்து பாதை செய்வது தெரிந்தது. பிறகு ஏதோ ஒழுகியது. நான் நினைத்ததுபோலக் கெட்டிச் சீழ் இல்லை. பழுப்பு நிறத்தில் தண்ணீர் மாதிரி. நாற்றம் அறையை நிறைத்தது. எத்தனையோ பார்த்த நர்ஸம்மாவே முகத்தைத் திருப்பினார். டாக்டர் மட்டும், "வரட்டும், வரட்டும்" என்றார் உற்சாகமாக. "இந்த நாத்தம் அடிக்கிற கிருமிக்குக் காத்து ஆகாது. மூடிக்கிடந்தா வளரும். திறந்துவிட்டா அடங்கும்."

காயத்துக்குள் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, காயத்தின் வாய் மூடிக்கொள்ளாமல் வைத்தார்கள். வெளியே வந்தபோது மூச்சு ஒரு இழை கூடுதலாகப் போவதை உணர்ந்தேன். ஒரு இழைதான். அதற்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகுதான் எனக்குப் பெரிய தண்டனை தொடங்கியது. சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடக்கவேண்டும். பேசக்கூடாது. எழுந்து நடக்கக்கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் ஊசி, பகலும் இரவும். மருந்தின் பெயர் பெனிசிலின். அப்போது அது புதிது. டாக்டர் யுத்தத்தில் பார்த்திருக்கிறார். எங்களைப் போன்றவர்கள் பெயரே கேட்டதில்லை. காதர் பாய் முதலாளியைப் பிடித்து, முதலாளி திருச்சியில் தெரிந்தவரைப் பிடித்து, குட்டிக் குட்டிப் புட்டிகளாக வரவழைத்தார்கள். உள்ளே மஞ்சள் தூள் இருக்கும். தண்ணீரில் கரைத்தபின் குளிர்ச்சியில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் வீரியம் போய்விடும். அதற்கு ஐஸ் வேண்டும். ஐஸ் திருச்சி ரயிலில் சாக்குக்குள் மரத்தூள் போட்டு வரும். என் அண்ணன் தினமும் ஸ்டேஷனுக்குப் போய் அந்தச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருவார். வந்து சேரும்போது அவர் முதுகெல்லாம் நனைந்திருக்கும். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். பச்சையம்மாளோடு பேச்சு இல்லை. ஆனால் அவளுக்கென்று ஒரு பொட்டலம் இட்லி தினமும் கட்டிலின் கால்மாட்டில் இருக்கும்.

என்னால் அசையாமல் இருக்க முடியவில்லை. காலை ஆட்டுவேன். கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போடுவேன். ஜன்னல் வழியாகப் பஸ் ஹாரன் கேட்டால் அது எந்த வண்டி, எத்தனை நிமிஷம் தாமதம் என்று உள்ளுக்குள் கணக்குப் போடுவேன். கழுத்தில் போட்டிருந்த துணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். "காலை ஆட்டாதீங்க கண்டக்டர், கட்டிலே நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடும் போல" என்று நர்ஸம்மா அதட்டுவார். கஞ்சித் தண்ணீரை மூக்குவைத்த கிண்ணத்திலிருந்து என் வாய்க்குள் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள் பச்சையம்மாள். பாதி வெளியே வழியும். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவாள். காயத்தைக் கழுவ ஒரு மருந்து. ஊற்றியதும் பொங்கி நுரைக்கும். அந்த நுரை காற்றைக் கொண்டுபோய்க் கிருமிமேல் விடுகிறது என்றார் டாக்டர்.

வீக்கம் கொஞ்சம் வற்றி வாய் இரண்டு விரல் அகலம் திறந்ததும் அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதும் டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். வேர் நுனியில் சின்னதாக, சிவந்த பை ஒன்று ஒட்டிக்கொண்டு தொங்கியது. மிளகைவிடச் சற்றுப் பெரிது.

"இத்தனை கலாட்டாவுக்கும் காரணம் இந்தப் பைதான். பாக்கறீங்களா உள்ள யாரு இருக்காங்கன்னு?"

அவருக்கும் என்னைப் போலச் சும்மா இருக்க முடியாத சுபாவம். சாயங்காலம் என்னைக் கைத்தாங்கலாகத் தன் அறைக்கு நடத்திப்போய், பூதக்கண்ணாடிக் கருவியின் முன் உட்கார வைத்தார். ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னார். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்ச வட்டத்துக்குள் அவை தெளிந்தன. சாயம் ஏற்றியிருந்ததால் ஊதா நிறத்தில் மணிமணியாக, கோத்த சரம்போல. சில இடங்களில் சரம் நீளம், சில இடங்களில் இரண்டு மூன்று மணிதான். நடுநடுவே ரோஸ் நிறத்தில் இரண்டு முனையும் கூராக மெல்லிய குச்சிகள். அசைவில்லை, சாயம் ஏற்றும்போதே செத்துவிட்டனவாம்.

"எங்கேருந்து வந்துச்சு இதெல்லாம்?" என்று குழறிக் கேட்டேன். பேச அனுமதித்த முதல் நாட்கள் அவை.

"எங்கேருந்தும் வரல்லே. உங்க வாயிலேயே இருந்ததுதான். என் வாயிலயும் இருக்கு, உங்க சம்சாரம் வாயிலயும் இருக்கு. ஈறு மேல, நாக்கு மேல கிடக்கிறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது. வேரடிக்கு இறங்கற வழி கிடைச்சாத்தான் ஆபத்து."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. வருகிறவர் போகிறவர் வாயையெல்லாம் பார்க்கத் தொடங்கினேன். அண்ணன் கொட்டாவி விட்டால் எட்டிப் பார்ப்பேன். பச்சையம்மாளை வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். "கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள்.

காய்ச்சல் இறங்கியது. காயம் காயத் தொடங்கியது. இன்னும் சில நாளில் வீடு என்று நினைத்திருந்தபோது பெண்கள் வார்டுக்கு ஒரு மாட்டுவண்டி வந்தது. உடையார்பாளையம் பக்கத்துப் பெண். பிள்ளை பெற்றுச் சில நாட்கள் ஆகியிருந்தன. பிரசவத்துக்குப் பிறகு வரும் காய்ச்சல். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் பிதற்றுவது கேட்டது. யாரிடமோ, "கதவைச் சாத்து, கதவைச் சாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளையின் அழுகையும் கேட்டது.

மத்தியானம் டாக்டர் வந்தார். அன்றைக்கு அவர் ஓடி வரவில்லை. மெதுவாக வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மாணிக்கம், அந்தப் பொண்ணுக்கிட்ட எடுத்ததையும் கண்ணாடியில வச்சுப் பாத்தேன். அங்கயும் அதே மாதிரி மணிச்சரம். உங்களுக்கு வந்ததோட சொந்தக்கார ஜாதி, ஆனா இன்னும் கொடியது. பெனிசிலின் கொடுத்தா கேக்கும். என்கிட்ட இல்லை. மெட்ராஸ்லேருந்து வரணும், நாளாகும். இங்க இருக்கிறது உங்க புட்டிதான். அது உங்களது. நான் எடுக்க முடியாது. கேக்கத்தான் முடியும்."

"முடியாதுங்க" என்றாள் பச்சையம்மாள் உடனே.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நியாயம்தாம்மா. இவருக்கு ஆபத்து முழுசாத் தீர்ந்துபோச்சுன்னு நானும் சொல்ல மாட்டேன். எலும்புக்குள்ள மிச்சம் இருக்கலாம்."

"அப்ப எதுக்குக் கேக்கறீங்க? இவங்களுக்கு அண்ணன் இருக்காரு, சிநேகிதரு இருக்காரு. எனக்கு இவங்க ஒருத்தர்தான். அந்தப் பொண்ணைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. எனக்கு என்னைப் பாத்தாலும் பாவமா இருக்கு." டாக்டர் எழுந்து வாசல் பக்கம் போனார்.

சுவருக்கு அந்தப்பக்கம், "கதவைச் சாத்து" என்ற சத்தம். நான் புரண்டேன். காதைத் தலையணையில் அழுத்தினேன். எழுந்து உட்கார்ந்தேன். நான் தியாகி இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"கொடுத்துடுங்க" என்றேன்.

டாக்டர் வாசலில் நின்று பச்சையம்மாளைப் பார்த்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்கக் கஞ்சி கொடுத்தாள், வாயைத் துடைத்தாள், துணி மாற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான் என்று நினைத்திருந்தேன். இது வேறு.

என் ஊசி நின்றபின் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளிர் எடுத்தது. பல் பிடுங்கிய இடத்தில் விண்ணென்று தெறித்தது. மத்தியானத்துக்குள் உடம்பு நெருப்பாகிவிட்டது. தாடை மறுபடி வீங்கியது. பச்சையம்மாள் ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தாள். "நல்லா இருக்குதுங்களா இப்ப? நல்லா இருக்குதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கிறாளா, நிஜமாகக் கேட்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் வேப்பமரத்தடியிலிருந்து உள்ளே வந்தார். மருந்தைக் கொடுத்த விஷயத்தை அவருக்கு நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பச்சையம்மாளிடம் போய், "நீ ஒரு வாய் சாப்புடு தாயி. ரெண்டு நாளா இட்லி அப்படியே கெடக்கு. நான் இவனைப் பாத்துக்கறேன்" என்றார். கழுத்தைக் கிழித்த அன்றைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசியது அதுதான் முதல்தடவை. அவள் சாப்பிடவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் மாறி மாறித் துணியை நனைத்தார்கள்.

டாக்டர் மறுபடி கிழித்தார். இம்முறை வாய்க்குள். தாடை எலும்பில் ஒரு துண்டு செத்துப்போயிருந்தது. அதைச் சுற்றித்தான் கிருமி ஒளிந்துகொண்டிருந்ததாம். இடுக்கியால் அதை அசைத்து அசைத்து எடுத்தார். சோளப்பொரி மாதிரி, ஓட்டை ஓட்டையாக, அழுக்கு நிறத்தில் ஒரு எலும்புத் துண்டு. செத்த எலும்புக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. புட்டிகள் அத்தனையும் எனக்கே போட்டிருந்தாலும் அந்தத் துண்டு வெளியே வந்தே ஆகவேண்டும் என்றார். அதை அவர் பச்சையம்மாளுக்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா, எனக்குத் தெரியாது. அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மெட்ராஸ் மருந்து மறுநாள் வந்தது. காதர் பாய் ரயிலுக்குக் காத்திருந்து வாங்கி, வண்டி நேரத்தையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொண்டுவந்தார். "பாசஞ்சருங்க எல்லாம் வெளியில கத்துறாங்க. நீ வந்து சமாதானம் பண்ணினாத்தான் அடங்குவாங்க போல. சீக்கிரம் எழுந்து வாப்பா" என்று என் காலைத் தட்டிவிட்டு ஓடினார்.

பிறகு மெள்ள மெள்ளத் தேறினேன். காய்ச்சல் இறங்கியது, ஏறியது, கடைசியில் இறங்கியே விட்டது. சித்திரை வெயில் உச்சத்தில் இருந்தபோது, "போகலாம்" என்றார் டாக்டர். பல்லைத் துலக்குவது பற்றியும், மற்றப் பல்லில் குழி விழுந்தால் வலிக்கும் முன்பே வரவேண்டும் என்பது பற்றியும் நிறையச் சொன்னார். "வலி நின்னா சந்தோஷப்படாதீங்க. ஏன் நின்னுச்சுன்னு கேளுங்க" என்றார். இதை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

அண்ணன் முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பினால் பச்சையம்மாளைக் காணவில்லை. பெண்கள் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நானும் போய் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆனால் மடியில் பிள்ளை இருந்தது. அவள் அம்மா வாசலில் எங்களைக் கண்டதும், "வாங்கம்மா, ஏன் அங்கேயே நிக்கிறீங்க?" என்றார். அவர்களுக்கு மருந்து விஷயம் எதுவும் தெரியாது. டாக்டர் சொல்லவில்லை; நாங்களும் சொல்லச் சொல்லவில்லை.

பச்சையம்மாள் உள்ளே போனாள். குனிந்து பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பெருவிரலைப் பிடித்து லேசாக ஆட்டினாள்.

"உங்க வூட்டுக்காரரா?" என்று அந்த அம்மா என் கழுத்துக் கட்டைப் பார்த்துக் கேட்டார். "என்ன வியாதிம்மா அவருக்கு?"

"பல்லு வலிங்க" என்றாள் பச்சையம்மாள்.

"பல்லு வலியா? பல்லு வலிக்கா இத்தனை நாளா ஆஸ்பத்திரியில கெடந்தாரு?" அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கட்டிலில் இருந்த பெண்ணும் சிரித்தாள். பச்சையம்மாளும் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

"ஆமாங்க. வெறும் பல்லு வலிதான்."

வெளியே வந்து வேப்பமரத்தடிக்குப் போனதும் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஸ்டாண்டில் வண்டி கிளம்பும் ஹாரன் கேட்டது. காதர் பாயின் வண்டிதான். அது போகட்டும் என்று, அவள் அழுது முடிக்கும்வரை அசையாமல் பக்கத்திலேயே நின்றேன்.